கேட்காத வண்டி

உறவினர் வீட்டு விசேஷங்களில் என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ரோட்டில் வண்டிச் சத்தத்தைக் கணக்குப் போடுகிறேன் என்பேன். உடனே ஒரு சிரிப்பு வரும். ஹாரன் அடிக்கிறவனையெல்லாம் பிடித்து அபராதம் போடுவாயா என்று அடுத்த கேள்வி வரும். நான் மறுப்பதில்லை. அவர்கள் அப்படியே நினைத்துக்கொண்டால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

நீங்கள் அப்படிக் கேட்கவில்லை மேடம். நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இதுல உங்க தப்பு என்ன சார் இருக்கு? பஸ் ஓட்டினவங்க கவனிக்கல. நீங்க வீட்டுக்குப் போய் வீட்டம்மாவப் பாத்துக்குங்க" என்றீர்கள். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் உங்கள் விபத்து அறிக்கையில் காரணம் என்று இருக்கும் இடத்தில் அதிவேகம், ஓட்டுநரின் கவனக்குறைவு என்று போட்டிருக்கிறீர்கள். அவை இரண்டும் தவறு. தவறான காரணத்தோடு ஒரு அறிக்கை முடிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என் தொழிலில் பழக்கமில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

திருத்த வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு சாலை எவ்வளவு சத்தம் போடும் என்பதை அந்தச் சாலை வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம். அதுதான் என் வேலை. ஒரு வண்டியின் சத்தத்தை நாங்கள் இரண்டாகப் பிரிப்போம். ஒன்று எஞ்சின் போடுவது, மற்றொன்று டயர் தரையில் உரசிப் போடுவது. வண்டி மெதுவாகப் போகும்போது எஞ்சின்தான் கேட்கும். வேகம் கூடக் கூட டயர் சத்தம் அதை அமுக்கிவிடும். கார், பைக், லாரி, பஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. எந்த வகை வண்டி எத்தனை, என்ன வேகம், தரை எப்படி, பக்கத்தில் சுவர் இருக்கிறதா, எவ்வளவு தூரத்தில் காது இருக்கிறது. இதையெல்லாம் கொடுத்தால் கம்ப்யூட்டர் அந்தத் தெருவின் படத்தை வண்ணத்தில் போட்டுக் கொடுக்கும். சிவப்பு இரைச்சல். பச்சை அமைதி.

சத்தத்தில் ஒரு விநோதம் உண்டு. ஒரே மாதிரி இரண்டு வண்டி சேர்ந்து போனால் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்காது. லேசாகத்தான் கூடும். ஆனால் பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் வந்தால், அது இருப்பதே தெரியாது. பெரியது அதன் மேல் போர்வையைப் போட்டு மூடிவிடும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மற்ற கணக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, அவளுடைய அண்ணன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டிய வேலை. மச்சானுக்கு நடுவயதில் கண் நரம்பு கெட்டுப் பார்வை மொத்தமாகப் போய்விட்டது. குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை அவருக்கு. கண் போன பிறகு எங்களோடு வந்து தங்கினார். நான்தான் அழைத்துவந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் கமெண்ட்ரி என்று பெயர். வாய் ஓயாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைய புகார்களை எடுத்து விடுவார். "ஒரு அம்மா போன் பண்ணி, குழாயத் தொறந்தா வெறும் காத்துதான் வருது தம்பி, காத்துக்கும் பில் போடுவீங்களான்னு கேக்கறாங்க. காத்து நல்ல பிரஷர்ல வருதாம்மான்னு கேட்டேன். ரொம்ப நல்லா வருதுப்பா, தலைய காயவெச்சுக்கறேன்னுட்டாங்க." என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வேலையிலிருந்து கால் கடுக்க வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் உட்கார்ந்து சிரிப்பாள்.

பிறகு இருவரும் பால்கனிக்குப் போவார்கள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. கீழே சாலை. கொஞ்சம் தள்ளி ஒரு வளைவு. கட்டடங்களுக்குப் பின்னால் பெரிய மேம்பாலம். அவர் கைப்பிடியில் கைகளை ஊன்றிக்கொண்டு, சத்தத்தை வைத்து வண்டிகளை அறிவிப்பார். "அதோ வர்றான் தண்ணி லாரி. காலைல வீட்டுல சண்டை போல. கோவத்தையெல்லாம் கியர்ல காட்டறான்." "இது கல்யாணமாகாத பைக்கு. என்ன அவசரம் பாரு." இவள் "போண்ணே" என்று அவர் தோளில் தட்டுவாள்.

அவர் சொல்வதில் பாதிக்குப் பாதி தப்பு. தண்ணீர் லாரி என்பார், குப்பை லாரி போகும். வண்டிகளின் சத்தம் என் தொழில் என்பதால் நான் உள்ளே இருந்தபடியே திருத்துவேன்.  "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார் அவர். அதற்குப் பிறகு அன்று அவள் சிரிக்க மாட்டாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கவனித்ததைச் சொல்கிறேன். கவனிப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

உடல் களைத்தவளுக்கு வேண்டியது அமைதி என்பது என் கருத்து. சத்தத்தால் ரத்த அழுத்தம் கூடுகிறது, தூக்கம் கெடுகிறது என்பதெல்லாம் ஆராய்ந்து கண்டவை. வெளியே சாலைச் சத்தம், உள்ளே பேச்சுச் சத்தம். நான் அவளைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

எங்கள் தெருவாசிகள் சேர்ந்து இரைச்சல் தாங்க முடியவில்லை என்று நகர நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். அந்த வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. என்னிடம் வந்தது. நான் அதை முறையாகவே செய்தேன், எந்தப் பொறியாளரைக் கொண்டு வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று யோசனைகள் எழுதினேன். சாலைக்குச் சின்னச் சின்னத் துளைகள் உள்ள புதுவகைத் தார் போடுவது. அது டயர் சத்தத்தை உறிஞ்சிவிடும். வளைவில் ஒலித்தடுப்புச் சுவர் எழுப்புவது. வண்டி வளைவைத் தாண்டும்வரை அதன் சத்தம் இந்தப் பக்கம் வராது. டீசல் பஸ்ஸுக்குப் பதில் மின்சார பஸ் விடுவது. எஞ்சின் சத்தம் என்ற பேச்சே இருக்காது. மூன்றும் ஊர் உலகத்தில் நடக்கிறதுதான்.

கம்ப்யூட்டர் படத்தில் காது இருக்கும் இடத்தை ஒரு புள்ளியாக வைப்போம். முதலில் எங்கள் பால்கனியில் வைத்தேன். மனைவி உட்காருகிற நாற்காலியின் உயரத்தில். பச்சை வந்தது. பிறகு அந்தப் புள்ளியைச் சும்மா கீழே இறக்கி, நடைபாதை ஓரத்தில், மச்சான் தினமும் காலையில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சாலையைக் கடக்கும் இடத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், அங்கேயும் ஒரு காது இருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கேயும் பச்சைதான். ஆனால் மேம்பாலத்தின் முனகல் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. அதை என்னால் குறைக்க முடியாது. அது எங்கள் திட்டத்தில் இல்லை. பஸ்ஸின் சத்தம் இறங்கி இறங்கி, அந்த முனகலின் போர்வைக்குள் போய்விட்டது. புதுத் தாரில் வருகிற மின்சார பஸ் வளைவைத் தாண்டிய பிறகும் வெகு அருகில் வந்தால்தான் அந்த இடத்தில் நிற்கிறவருக்குக் கேட்கும். கேட்ட நேரத்திலிருந்து பஸ் அவரை வந்து தொடுவதற்கு ஆகும் நேரத்தையும், கம்பைத் தட்டிக்கொண்டு அவர் சாலையைக் கடக்க ஆகும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவது இரண்டாவதைவிடக் குறைவு. நன்றாகவே குறைவு.

பார்த்துவிட்டுப் புள்ளியை மறுபடியும் பால்கனிக்கே நகர்த்தினேன். திட்டம் பால்கனிகளுக்கானது.

என்னிடம் வேலை பழகும் பொறியாளப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கெட்டிக்காரி. கூட்டத்தில் அவள்தான் கையைத் தூக்கினாள். "சார், பார்வை இல்லாதவங்க எப்படிக் கடப்பாங்க? பஸ்ல ஒரு எச்சரிக்கை ஒலி வெக்கச் சொல்லி எழுதலாமா? தெருமுனை சிக்னல்ல கடக்கறதுக்கு அடிக்கற பீப் சத்தத்தையாவது விட்டு வெக்கணும்." நான் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டேன். பிறகு சொன்னேன், தெருவாசிகளின் மனுவில் முதல் புகாரே அந்த பீப் சத்தம்தான், சத்தத்தைக் குறைக்க வந்த நாமே புதுச் சத்தத்தை வைத்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று. நிர்வாகத்திலிருந்து வந்தவர்கள் தலையாட்டினார்கள். சிக்னலின் ஒலியை நிறுத்தச் சொல்லியும் எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வரும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "சார், உங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்காரே" என்றாள்.

"அவருக்குத்தான் நான் இருக்கேனே" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது.

வேலை முடிந்தது. தெரு அவ்வளவு அமைதியாகும் என்று யாரும் நினைக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கினார்கள். மொட்டை மாடியில் கூட்டம் போட்டு எனக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். மச்சானும் எழுந்து பேசினார். "எல்லார் வீட்டுலயும் மாப்பிள்ளை பொண்டாட்டி வாயத்தான் அடைக்கப் பாப்பாரு. எங்க மாப்ள ரோட்டோட வாயையே அடைச்சுட்டாரு." எல்லாரும் கைதட்டினார்கள். என் மனைவியும் கைதட்டினாள், அவரைப் பார்த்து.

அதற்குப் பிறகு அவர் பால்கனிக்குப் போவது குறைந்தது. அறிவிக்க ஒன்றுமில்லை. வந்து நிற்பார், தலையைச் சாய்ப்பார், உள்ளே போய்விடுவார். நான் கணித்தது போலவே வீடு அமைதியானது. சில வாரங்கள் நன்றாகவே போயின.

ஒருநாள் காலையில் அவர் அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனவர் உடனே திரும்பி வந்தார். சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. "என்னமோ உரசிட்டுப் போச்சுடா" என்று தங்கையிடம் சொன்னார். அவர் அவளை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். "காத்து மாதிரி வந்துச்சு. பஸ்ஸுதான் போல. எனக்கு ஒண்ணுமே கேக்கல." பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "மாப்ளே, என் காதும் போயிடுச்சா?" என்றார்.

இல்லை மச்சான், உங்கள் காது நன்றாக இருக்கிறது, சாலையைத்தான் மாற்றிவிட்டோம், இனி தனியாகக் கடக்காதீர்கள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். நான், "வயசாகுதுல்ல மச்சான்" என்றேன்.

அன்றிலிருந்து அவர் தனியாகக் கடக்க மறுத்துவிட்டார். இவள் தினமும் காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நிறுத்தத்தில் பஸ் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து, பிறகு அவசர அவசரமாக வேலைக்கு ஓடுவாள். சாயங்காலமும் அதே கதை. நான் பால்கனியிலிருந்து பார்ப்பேன். நடு ரோட்டில்கூட இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவார்கள். அவர் ஏதோ சொல்வார், அவள் குனிந்து சிரிப்பாள். மூன்றாவது மாடிக்கு அது தெளிவாகக் கேட்டது. சாலைச் சத்தம்தான் இல்லையே.

நானே அவரை அழைத்துப் போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நாங்கள் இருவரும் கிளம்பும் நேரம் ஒன்றுதான். ஆனால் என் கார் அடித்தளத்திலிருந்து பின்பக்கமாக வெளியேறும். சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு சாப்பாட்டு வேளையில் அவள் என்னிடம் சொன்னாள், வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று. "எனக்கும் நின்னு நின்னு கால் போச்சு. அண்ணனக் கொண்டுவிட்டுக் கூட்டிட்டு வந்து நிம்மதியா இருப்பேன். சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் அப்படியே நடந்துட்டு வருவோம்." அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக என்னிடம் அவள் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் பேச்சு என்னைப் பற்றியது இல்லை.

நல்ல வேலை. அவள் படித்து, கஷ்டப்பட்டுச் சேர்ந்த வேலை. அண்ணனுக்காக அதை விடுவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அவளுக்காகத்தான் யோசித்தேன்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். இதற்குச் சாட்சி இல்லை. நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிய வழியும் இல்லை.

ஒரு நிறுவனத்தில் எல்லாருக்கும் மொத்தமாக ரத்தப் பரிசோதனை என்று அவள் அன்றைக்கு வெள்ளெனவே கிளம்பிப் போயிருந்தாள். அண்ணனை லீவு போடச் சொல்லியிருந்தாள். நானும் அவரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். ரொட்டிக்கு வெண்ணெய் தடவி அவர் கையில் கொடுத்தேன். பிறகு சொன்னேன்.

"மச்சான், உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். அந்த மின்சார பஸ்ஸுக்கெல்லாம் இப்ப ஒரு ஒலி வெச்சிருக்காங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்காகவே. தூரத்துல வரும்போதே 'ம்ம்ம்'னு கேக்கும். ஸ்டாப்புல நிக்க வரும்போது மட்டும் தானா அணைஞ்சுடும்."

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். "நெஜமாவா மாப்ளே? யாரும் சொல்லலியே?"

"நேத்துதான் போட்டாங்க. நாங்கதான் பண்ணோம். இனிமே கேக்கலேன்னா வண்டி இல்லேன்னு அர்த்தம். தாராளமா கடக்கலாம்."

அப்படி ஒரு ஒலி எந்த பஸ்ஸிலும் இல்லை. அதை வேண்டாம் என்று சொன்னவனே நான்தான்.

அவர் மேஜை மீது கையைத் தடவி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "பாவம் மாப்ளே அவ. எனக்காக வேலைய விடறேங்கறா. நான் பாரமாயிட்டேனேன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. என் வயித்துல பால வாத்தீங்க." சட்டையை மாட்டிக்கொண்டு, லீவெல்லாம் வேண்டாம் என்று அன்றைக்கே கிளம்பிவிட்டார்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ ஆத்திரத்தில் செய்ததாக நீங்கள் நினைப்பீர்கள். ஒரு தடவை சொன்னவுடன் நடந்துவிடுவதில்லை. பஸ் வரும் இடைவெளி, அவர் விளிம்புக்கு வந்து சேரும் நேரம், இரண்டும் பொருந்த வேண்டும். சாத்தியம் எவ்வளவு என்றுதான் கணக்கு சொல்லும், எந்த நாள் என்று சொல்லாது. அன்று மாலை அவர் தனியாகவே திரும்பி வந்தார். இவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், மாப்ள இப்படி ஒரு ஏற்பாடு பண்ணிட்டாரு, இனி பயமில்லை என்று. இவள் சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள். பிறகு சிரித்தாள். என்னைப் பார்த்து.

நான் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய நேரம் அது. ஆனால் அந்தச் சிரிப்பு அப்போதுதான் வந்திருந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் தனியாகப் போனார். நான் டீயை எடுத்துக்கொண்டு பால்கனியில் நிற்பேன். அவர் ஓரத்தில் நிற்பார், தலையைச் சாய்ப்பார், கேட்பார், கடப்பார். அவர் எதிர்ப்பக்கம் சேரும்போது என் டீ ஆறிப்போயிருக்கும். நான் உள்ளே வந்து சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். அந்த நாட்களில் எனக்கு எந்தப் பதற்றமும் இருந்ததாக ஞாபகம் இல்லை. இவள் எனக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். வேலையை விடுவது பற்றி அவள் மறுபடி பேசவில்லை.

அந்த நாளும் மற்ற நாள் மாதிரியே இருந்தது. அவர் நீலச் சட்டை போட்டிருந்தார். விளிம்பில் நின்றார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்டார். பஸ் வளைவின் சுவரைத் தாண்டி வந்தது எனக்கு மேலிருந்து தெரிந்தது. அவருக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. கம்பை நீட்டி இறங்கினார்.

நான் கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். மூன்றாவது மாடியிலிருந்து ஒருவன் உரக்கக் கத்தினால் அந்த இடத்துக்கு நன்றாகவே போய்ச் சேரும். அதற்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தேவையில்லை.

பிரேக் சத்தம் பெரிதாக வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. புதுத் தார் அதையும் பாதி விழுங்கிவிட்டது. மெத்தையைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம், அதற்குப் பிறகு பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல். அது ஓட்டுநர். நான் டீ டம்ளரை உள்ளே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். திட்டம் முடிந்த பிறகு சத்தத்தைச் சரிபார்க்க எங்கள் பால்கனியில் ஒரு மைக் வைத்திருந்தோம். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. டயர் சத்தத்தின் அளவை வைத்து வண்டியின் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட முடியும். அந்த பஸ் அனுமதிக்கப்பட்ட வேகத்துக்கும் கீழேதான் வந்தது. ஓட்டுநர் பிரேக் போடவும் தாமதிக்கவில்லை. கண்முன்னால் ஒருவர் தாராளமாக இறங்கி நடந்தால் யாராலும் நிறுத்த முடியாது. ஆகவே அதிவேகம் என்பதை அடித்துவிடுங்கள். கவனக்குறைவு என்பதையும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டேன். அவரைக் கொன்றது நான். வாயால் சொன்ன ஒரு பொய்யால் கொன்றேன். அது கொல்லும் என்று தெரிந்தே சொன்னேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ போட்டுத் தருகிறேன்.

ஏன் இப்போது வந்தீர்கள், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. அந்த ஓட்டுநர் ஜாமீனில் வந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவள்தான் அவளைக் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"சத்தியமா வேகமா வரலம்மா. எனக்கும் ஒரு அண்ணன் இருக்காரு. அவர் பாட்டுக்குத் தைரியமா இறங்கி நடந்தாரும்மா. ஒரு பயம் இல்ல அவர் மொகத்துல" என்று அழுதாள்.

இவள் கேட்டாள், "உங்க பஸ்ல அந்த ஒலி வெச்சிருந்தாங்களே, அன்னிக்கு அது வேலை செய்யலியா?"

"எந்த ஒலிம்மா?"

"கண்ணு தெரியாதவங்களுக்குன்னு வெச்சது. தூரத்துல வரும்போதே கேக்குமாமே."

"அப்படி ஒண்ணு எங்க பஸ்ஸுல எதுலயும் கெடையாதேம்மா. ஹாரன் மட்டுந்தான். யார் சொன்னா உங்களுக்கு?"

இவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அந்தப் பெண்ணுக்கு டீ போட எழுந்து போனேன். திரும்பி வரும்போது ஓட்டுநர் போய்விட்டிருந்தாள், இவள் அண்ணனின் அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஓட்டுநர் தன் தப்பு என்றே நம்பிவிட்டாள், போகும்போதும் மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தவறான காரணம் அப்படி ஊருக்குள் நடமாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு எந்த உறுத்தலும் இல்லை மேடம். இருப்பது போல எழுதிவிடாதீர்கள்.

என் மனைவியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. அந்த நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வைக்கும் சாப்பாட்டைத் தொடுவதில்லை, நான் இருக்கும் அறைக்கு வருவதில்லை. நேற்று பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாறுதலுக்கு எங்காவது போய்வர நினைத்திருப்பாள், நானும் கேட்கவில்லை. எத்தனை வருட இரைச்சல் மேடம் அவள் தலைக்குள். இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, அவள் நன்றாக ஓய்வெடுக்கட்டும், பிறகு என்னோடு பேசுவாள்.